1921-இல் சென்னை மாகாணப் பெண்களுக்குக் கிடைத்தது என்ன ஓட்டு?

5 ஜூன் 2023 – ஒரு வாசகர் எழுதியது

"1921-லேயே பனகல் அரசர் முதல்வராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்துவிட்டது. பிரிட்டனில் சமமான ஓட்டு 1928-இல்தான். அவர்களைவிட 7 வருஷம் முன்னால் நாம். இதில் யாருக்காவது மறுப்பு உண்டா?"

5 ஜூன், இரவு

உண்டு. ஒரே வாக்கியத்தில் மூன்று இடத்தில் இடிக்கிறது.

1. பனகல் அரசர். 1921 ஏப்ரலில் சட்டமன்றம் பெண்களுக்கு ஓட்டுத் தரும் தீர்மானத்தை நிறைவேற்றியபோது முதல் மந்திரி கடலூர் சுப்பராயலு ரெட்டியார். பின்னால் பனகல் அரசர் எனப்பட்ட இராமராயநிங்கர் அதே மந்திரிசபையில் ஸ்தல சுயாட்சித் துறை மந்திரி. அவர் முதல் மந்திரி ஆனது ஜூலையில். மூன்று மாத வித்தியாசம்தானே என்று விட்டுவிடலாம், ஆனால் மீம் போடுகிற எல்லோரும் பனகலார் படத்தைத்தான் போடுகிறார்கள். பாவம் ரெட்டியார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மலபாரைச் சேர்ந்த திவான் பகதூர் கிருஷ்ணன் நாயர், அதற்குமுன் திருவிதாங்கூர் திவானாக இருந்தவர். அவர் பெயரை யாருமே சொல்வதில்லை.

2. "பெண்கள் எல்லோருக்கும்". இல்லவே இல்லை. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், நாளைக்கு.

3. "ஓட்டுரிமை". ஓட்டுப் போடும் உரிமை மட்டும். தேர்தலில் நிற்க முடியாது. அது 1926-இல்தான் திறந்தது.

6 ஜூன், காலை

"எல்லோருக்கும்" சமாசாரம்.

1919-இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் போட்ட இந்திய அரசுச் சட்டம் ஓட்டை மனிதருக்குக் கொடுக்கவில்லை, வரிக்குக் கொடுத்தது. சென்னை மாகாண கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 10 ரூபாய் அளவுக்குத் தீர்வை (நிலவரி) கட்டும் நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நகரத்தில் 3 ரூபாய் முனிசிபல் வரி. அல்லது வருமான வரி கட்ட வேண்டும். அல்லது பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவராக இருக்க வேண்டும். இதுதான் ஆணுக்கும் அளவுகோல். இதற்கு மேலே "பெண்ணாக இருந்தால் கிடையாது" என்று தனியாக ஒரு தடை இருந்தது. 1921 தீர்மானம் செய்தது அந்த ஒரு தடையை எடுத்ததுதான். கீழே இருந்த 10 ரூபாய் அப்படியே நின்றது.

பட்டா யார் பெயரில் இருந்தது என்று கேட்டாலே கதை முடிந்துவிடும். கூட்டுக்குடும்ப நிலம் கர்த்தா, அதாவது குடும்பத் தலைவர் பெயரில். மகளுக்கு நிலத்தில் பங்கு இல்லை. மனைவிக்குச் சீதன நகை உண்டு, நகைக்குத் தீர்வை கிடையாது. மிஞ்சுவது யார்? பாகம் பிரிந்த புருஷன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோய், அவன் சொத்தை ஆயுள்வரை அனுபவிக்கும் கைம்பெண். ஆக 1923 தேர்தலில் வரிசையில் நின்ற கிராமத்துப் பெண் வாக்காளரை மனக்கண்ணில் பார்க்க வேண்டுமானால், கல்லூரிப் பெண்ணை நினைக்காதீர்கள். வெள்ளைப் புடவை கட்டி, பட்டா கையில் வைத்திருக்கும் ஒரு பெரியம்மாவை நினையுங்கள்.

வயது வந்த பெண்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் பட்டியலுக்கு வந்தார்கள். ஆண்களிலும் பத்தில் ஒருவரைச் சுற்றித்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "பெண்களுக்கு மட்டும் அநியாயம்" என்றால் பாதி உண்மை. பெரும்பாலான ஆண்களுக்கும் ஓட்டில்லை. நிலமற்ற கூலிக்காரனும் அவன் மனைவியும் இந்த ஒரு விஷயத்தில் சமம்.

6 ஜூன், மதியம்

"1920 தேர்தலிலேயே பெண்கள் ஓட்டுப் போட்டார்கள்" என்று கீழே ஒருவர். 1920 நவம்பரில் நடந்த தேர்தலில் வந்த சட்டமன்றம்தான் 1921-இல் தீர்மானம் போட்டது. காலண்டரைப் பார்த்தாலே தெரியும். முதல் வாய்ப்பு 1923.

6 ஜூன், இரவு

மலபார் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. "மருமக்கத்தாயம் இருக்கிறதே, அங்கே சொத்து பெண்வழி. அப்படியானால் மலபாரில் பெண் வாக்காளர்கள் கூட்டமாக இருந்திருக்க வேண்டுமே?"

சொத்து பெண்வழி என்பது சரி. ஆனால் தறவாட்டை (கூட்டுக்குடும்பத்தை) நிர்வகித்தவர் காரணவர், அதாவது மூத்த தாய்மாமன். தீர்வை ரசீதில் அவர் பெயர். பெண்வழிச் சொத்தும் பெண் பெயரில் பட்டாவும் ஒன்றல்ல. தனியாகத் தாவழிக்கோ (தாய்வழிக் கிளைக்கோ) பெண்ணுக்கோ எழுதிவைத்த நிலம் இருந்தால் அவளுக்கு ஓட்டு. மற்றபடி மாமன் போடுவார். தஞ்சாவூர்க் கர்த்தாவுக்கும் மலபார்க் காரணவருக்கும் சட்டம் வேறு வேறு. வாக்காளர் பட்டியலில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் உண்மையிலேயே விதிவிலக்காக இருந்த ஒரு கூட்டம் உண்டு: தேவதாசிகள். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட இனாம் நிலத்தைப் பெண்ணே அனுபவித்தாள், வாரிசும் பெண்வழி, தத்தெடுத்ததும் பெண்பிள்ளையை. 1929-இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு வந்த திருத்தம், ஊழியம் செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கி நிலத்தை அவர்களிடமே விட்டது. இப்படி ஊழியப் பொறுப்பை நீக்கி நிலத்தை விடுவிப்பதற்கு ரெவின்யூ இலாகாவில் வழங்கும் ஆங்கிலச் சொல் "என்ஃபிரான்சைஸ்". ஓட்டுரிமை வழங்குவதற்கும் அதே சொல். நிலத்துக்கு விடுதலை, மனுஷிக்கு ஓட்டு, இரண்டுக்கும் ஒரே முத்திரை. பழைய இனாம் கோப்புகளைப் புரட்டும்போது "என்ஃபிரான்சைஸ்டு" என்று வந்தால் உடனே ஓட்டு என்று எழுதிவிடாதீர்கள், அங்கே பேச்சு வயலைப் பற்றி.

7 ஜூன்

கோரிக்கை எப்படிப் போனது என்று கேட்டவருக்கு, வேகமாக:

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம். அந்த டிசம்பரில் சென்னைக்கு வந்த, இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைப் பெண்கள் தூதுக்குழு பார்த்தது. தலைமை சரோஜினி நாயுடு. மனு எழுதியதில் முக்கியக் கை மார்கரெட் கசின்ஸ். யாருக்கு ஓட்டு என்று விசாரிக்க அடுத்து வந்த சவுத்பரோ கமிட்டி "நாட்டின் பழக்கவழக்கம் இன்னும் இடம் கொடுக்காது" என்று கைகழுவியது. 1919-இல் லண்டனில் பார்லிமென்ட் கூட்டுக் கமிட்டி முன் சரோஜினி நாயுடு, அன்னி பெசன்ட், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மிதன் எல்லோரும் சாட்சி சொன்னார்கள். பார்லிமென்ட் முடிவு? கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அந்தந்த மாகாணச் சட்டமன்றமே தீர்மானித்துக்கொள்ளட்டும்" என்று பந்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

அதனால்தான் மாகாணத்துக்கு மாகாணம் தேதி வேறு. சென்னையும் பம்பாயும் 1921. வங்கத்தில் 1921-இல் தோற்று 1925-இல் ஜெயித்தது. பிகார்-ஒரிசாவுக்கு 1929. "இந்தியப் பெண்களுக்கு எந்த வருஷம் ஓட்டு வந்தது" என்று போட்டித் தேர்வில் ஒற்றை விடை கேட்கும் கேள்வியே தப்பான கேள்வி. ஆனாலும் தேர்வு எழுதுபவர்கள் தேர்வாணையம் வெளியிடும் விடைக்குறிப்பைப் பின்பற்றுங்கள், என்னை நம்பி மார்க்கை விட வேண்டாம்.

7 ஜூன், சற்றுப் பிறகு

நிற்கும் உரிமை. 1926-இல் விதி திருத்தப்பட்டது. அந்த வருஷமே தென் கன்னட மாவட்டத்தில் (அது அப்போது சென்னை மாகாணம்) கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று, மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு துணைத் தலைவர் ஆனார்.

நியூசிலாந்திலும் இதே இரண்டு படி உண்டு. ஓட்டு 1893, நிற்கும் உரிமை 1919, முதல் பெண் உறுப்பினர் 1933. ஓட்டைக் கொடுத்துவிட்டு நாற்காலியை ஒளித்து வைப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை.

8 ஜூன், காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. முத்துலட்சுமி ரெட்டி தேர்தலில் ஜெயித்து வரவில்லை. அரசால் நியமிக்கப்பட்ட உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்டது துணைத் தலைவர் பதவிக்குத்தான், 1927-இல், அதுவும் உறுப்பினர்களால். 1930-இல் காந்தி கைதானபோது பதவியை உதறினார். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, "இதுகூடத் தெரியாதா" என்ற வாலுக்கு நன்றி இல்லை.

8 ஜூன், மாலை

1919 சட்டத்துக்குப் பதிலாக வந்த 1935 இந்திய அரசுச் சட்டம். என் பார்வையில் 1921-ஐவிட விசித்திரமானது இதுதான், ஆனால் யாரும் பேசுவதில்லை.

1932-இல் ஓட்டுரிமை பற்றிய லோதியன் கமிட்டி ஊர் ஊராகப் போய் விசாரித்தது. உறுப்பினர்களில் ராதாபாய் சுப்பராயனும் ஒருவர், முன்னாள் முதல் மந்திரி சுப்பராயனின் மனைவி. கமிட்டிக்கு முன் இருந்த கணக்கு எளிது: சொத்து வரம்பை எவ்வளவு தாழ்த்தினாலும் உள்ளே வருவது ஆண்கள்தான், ஏனென்றால் சொத்து அவர்கள் பெயரில். பெண்கள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமானால் அவர்களுக்கென்று வேறு கதவு திறக்க வேண்டும். திறந்தார்கள். ஒன்று, எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது. இரண்டு, மனைவியாக இருப்பது.

ஆமாம், மனைவியாக இருப்பதே ஒரு தகுதி. புருஷனுக்குக் குறிப்பிட்ட சொத்து இருந்தால் மனைவிக்கு ஓட்டு. இதில் நுணுக்கம் என்னவென்றால், புருஷனுக்கு ஓட்டு இருந்தால் மட்டும் போதாது. 1935-இல் வரம்பைத் தாழ்த்தியதால் புதிதாக உள்ளே வந்த சின்னக் குடியானவனின் ஓட்டு மனைவிக்கு ஒட்டாது. திட்டத்தின் அடிப்படை, பழைய உயர்ந்த வரம்பைத் தாண்டிய புருஷன். ஆக 4 ரூபாய் தீர்வைக்காரன் மட்டும் சாவடிக்குப் போவான், 10 ரூபாய் தீர்வைக்காரர் தம்பதியாகப் போவார்.

மூன்றாவது கதவு ஒன்றும் உண்டு. படையில் இருந்தவரின் ஓய்வூதியம் பெறும் கைம்பெண், அல்லது ஓய்வூதியம் பெறும் தாய். மகனைப் பட்டாளத்துக்குக் கொடுத்து, அவன் பேரில் பென்ஷன் வாங்கும் தாய்க்கு ஓட்டு. அவன் உயிரோடு வீட்டில் ஏர் உழுதுகொண்டிருந்தால் இந்தக் கதவு திறக்காது.

இந்த மனைவித் தகுதி இங்கே முளைத்ததும் அல்ல. 1918-இல் பிரிட்டன் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: 30 வயது தாண்டிய பெண், தானே உள்ளாட்சி வாக்காளராக இருக்க வேண்டும், இல்லை அப்படிப்பட்டவரின் மனைவியாக இருக்க வேண்டும். லண்டன் 1928-இல் கழற்றிப் போட்ட சட்டையை 1935-இல் தைத்துச் சின்னதாக்கி இங்கே அனுப்பினார்கள். இந்திய மாதர் சங்கமும் அகில இந்திய மாதர் மாநாடும் இதை எதிர்த்தன, அவை கேட்டது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. ராதாபாய் சுப்பராயன் வேறு கட்சி: கிடைக்கிற இடஒதுக்கீட்டை முதலில் வாங்கிக்கொள்வோம் என்றவர். யார் சொன்னது சரி என்று இன்றைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம், இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் மாதர் சங்கம் பக்கம்.

9 ஜூன், அதிகாலை

எண்ணிக்கை கேட்டார்கள். 1937-இல் இந்தியா முழுவதும் வாக்காளர் சுமார் 3.5 கோடி, அதில் பெண்கள் சுமார் 60 லட்சம். ஆறில் ஒருவர். மாகாணச் சட்டசபைகளில் பெண்களுக்கு 41 இடம், சென்னையில் 215-க்கு 8. அந்த எட்டையும் பிரித்தார்கள்: 6 பொது, 1 முஸ்லிம், 1 இந்தியக் கிறிஸ்தவர். பெண் என்று ஒரு வகையை உண்டாக்கி அடுத்த வரியிலேயே அதை மூன்றாக அறுத்தது இந்தச் சட்டம்.

அந்தத் தேர்தலில் சென்னையில் வண்ண ஓட்டுப் பெட்டிகள் இருந்தன. காங்கிரசுக்கு மஞ்சள். "மஞ்சள் பெட்டிக்கு ஓட்டுப் போடுங்கள்" என்றால் எழுத்துத் தெரியாத பெண்ணுக்கும் புரியும். குங்குமமும் மஞ்சளும் என்று பிரசாரத்துக்கு வாகான நிறம் வேறு. ருக்மிணி லட்சுமிபதி அந்தச் சட்டசபையின் துணை சபாநாயகர் ஆனார், 1946-இல் பிரகாசம் மந்திரிசபையில் சுகாதார மந்திரி.

9 ஜூன், மதியம்

"மனைவிகள் எல்லோரும் மனுப் போட வேண்டியிருந்ததா, தானாகவே சேர்த்தார்களா?" சில மாகாணங்களில் மனுப் போட்டால்தான் சேர்ப்பார்கள், பெண்ணே போடலாம், அவள் சார்பில் வேறு ஒருவரும் போடலாம். மனு என்று ஒன்று வைத்தாலே எண்ணிக்கை விழும். வாக்காளர் பட்டியல் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வீட்டுக்கு வந்து எழுதினால் ஒரு கணக்கு, வந்து எழுதிக்கொள்ளுங்கள் என்றால் வேறு கணக்கு.

10 ஜூன்

அதற்கு நேர்மாறான உதாரணம் 1947-க்குப் பிறகு. அரசியல் சட்டம் முடிவதற்கு முன்னாலேயே அரசியல் நிர்ணய சபைச் செயலகம் பட்டியல் தயாரிக்கச் சொல்லிவிட்டது. அளவுகோல் இரண்டு: 21 வயது, அந்த ஊரில் 180 நாள் குடியிருப்பு. சொத்தும் இல்லை, எழுத்தறிவும் இல்லை, புருஷனும் இல்லை. வீடு வீடாகப் போய் எழுதினார்கள்.

எழுதும்போது வந்த வினை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். வடக்கே பல இடங்களில் பெண்கள் பெயர் சொல்ல மறுத்தார்கள். "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்று மட்டும் பதிவானது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை, சொந்தப் பெயர் இல்லாமல் பதிவு கிடையாது என்றார். பிகாரில் கூடுதலாக ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். கடைசியில் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள், பெரும்பாலும் பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், அப்போது தனி மாநிலங்களாக இருந்த மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம்.

இதை "அந்தக் காலத்துப் பெண்களின் அறியாமை" என்று எழுதுவார்கள். 15 ஆண்டு முன்னால் "இன்னாருடைய மனைவி" என்பதைத்தான் சட்டமே தகுதியாக எழுதிவைத்திருந்தது. 1935-இல் எது நுழைவுச்சீட்டோ அதுவே 1951-இல் தள்ளுபடிக் காரணம். அந்தப் பெண் ஒன்றும் மாறவில்லை, படிவம் மாறியது.

சென் செய்தது சரியா? பல நாள் யோசித்தும் இரண்டு மனதாகவே இருக்கிறது. பெயர் இல்லாத பதிவை விட்டிருந்தால் ஆள்மாறாட்டம் தாராளமாக நடந்திருக்கும். "ராம்லாலின் மனைவி" என்று யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம், முக்காடு வேறு. அந்த வகையில் சரி. ஆனால் 28 லட்சம் பேரின் முதல் தேர்தல் போனதும் நிஜம்.

10 ஜூன், இரவு

தெற்கே இந்தச் சிக்கல் ஏன் பெரிதாகவில்லை? நம் பக்கம் புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கம் உண்டு, தன் பெயரை மறைக்கும் வழக்கம் இல்லை. "கந்தசாமி" என்று வாயால் சொல்ல மாட்டாள், "முருகன் பேரு" என்பாள், "ஆறுமுகத்தானுக்கு இன்னொரு பேரு" என்பாள், இல்லை பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "உங்க அப்பன் பேரைச் சொல்லுடா" என்பாள். கணக்கெடுக்க வந்தவர் கொஞ்சம் புராணம் தெரிந்தவராக இருந்தால் போதும், வேலை முடிந்தது. (அவர் அதை "ஆறுமுகம்" என்றே எழுதிவிட்டுப் போன கதைகளும் இருக்கும்தானே.)

11 ஜூன்

இலங்கை நண்பர் கேட்டது: "எங்கள் 1931-ஐ ஏன் விட்டீர்கள்?" விடவில்லை, வந்துகொண்டிருந்தேன்.

1931-இல் இலங்கையில் வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. அதற்கான பிரிட்டிஷ் அரசியலமைப்புக் குழுவான டொனமூர் கமிஷன் பெண்களுக்கு 30 வயது என்றுதான் பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வந்தது 21. சொத்தும் இல்லை, எழுத்தறிவும் இல்லை. பிரிட்டனுக்கு 3 வருஷம் பின்னால், இந்தியாவுக்கு 20 வருஷம் முன்னால். இலங்கைத் தமிழர் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் இந்த ஓட்டை எதிர்த்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1932-இல் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து ஜெயித்தார். அதற்குமுன் அந்தத் தொகுதியில் ஜெயித்திருந்த அவர் கணவர் பதவி இழந்ததால் வந்த இடைத்தேர்தல். ஓட்டு மனைவி என்பதால் வரவில்லை, இடம் மட்டும் அந்த வழியாக வந்தது. அப்புறம் அதைத் தன் சொந்த பலத்தில் வைத்துக்கொண்டார்.

ஆனால் 1931-ஐ மட்டும் சொல்லி நிறுத்தினால் மலையகம், அதாவது தேயிலைத் தோட்டத் தமிழர்கள், விட்டுப்போகும். ஓட்டு ஒரு சட்டத்தில் வருகிறது, குடியுரிமை இன்னொரு சட்டத்தில் போகிறது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 உறுப்பினர்கள். 1948-இன் 18-ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைத் தந்தைவழி ஆக்கியது: அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், சில இடங்களில் அவர் அப்பாவும். தாய் எத்தனை தலைமுறையாகத் தோட்டத்தில் கொழுந்து பறித்திருந்தாலும் கணக்கில் இல்லை. 1949-இன் 48-ஆம் இலக்கச் சட்டம், குடிமகனாக இல்லாதவருக்கு ஓட்டில்லை என்றது. முடிந்தது.

1949-இன் 3-ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு சந்து விட்டார்கள். 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாகக் குடியிருந்திருந்தால் பதிவுக்கு மனுப் போடலாம். கல்யாணமானவருக்கு 7 வருஷம், ஆகாதவருக்கு, கைம்பெண்ணுக்கு, விவாகரத்தானவருக்கு 10 வருஷம். கைம்பெண் ஆனதும் 3 வருஷம் கூடுகிறது, கவனியுங்கள். நடுவில் ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். புருஷன் மனுப் போட்டால் மனைவியின் குடியிருப்பையும் பார்த்தார்கள். பிரசவத்துக்காகவோ பெற்றவர்களைப் பார்க்கவோ திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் போய்த் தங்கியவள் எப்போது திரும்பினாள் என்பதற்குக் காகிதம் எங்கே? தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லாத மாதங்கள் ஒவ்வொன்றும் சந்தேகம். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுக்களில் அடங்கினார்கள், கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

தாய்வழியாகவும் குடியுரிமை கிடைக்கலாம் என்று இலங்கைச் சட்டம் மாறியது 2003-இல்.

12 ஜூன்

"இந்தியாவில் அந்தப் பிரச்சினை இல்லையே" என்று கேட்டவருக்கு. இருந்தது. 1955 குடியுரிமைச் சட்டம், பிரிவு 4: வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு வம்சாவளிக் குடியுரிமை அப்பா இந்தியராக இருந்தால்தான். அம்மா இந்தியர், அப்பா வெளிநாட்டவர் என்றால் கிடையாது. 1992 டிசம்பர் 10 முதல்தான் "தாயோ தந்தையோ" என்று ஆனது. அந்தத் தேதிக்கு முன் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்தவர்கள் இன்றும் இதில் மாட்டுகிறார்கள். திருத்தம் பின்னோக்கிச் செல்லாது, பிறந்த தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1992 டிசம்பர் 9-இல் பிறந்த அண்ணனுக்கு ஒரு சட்டம், அடுத்துப் பிறந்த தங்கைக்கு வேறு சட்டம்.

பிரிவு 5-இல் இதற்கு மறுபக்கம்: இந்தியரை மணந்த பெண் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்றுதான் முதலில் இருந்தது. இந்தியப் பெண்ணை மணந்த ஆணுக்கு அந்த வழி இல்லை. பெண் எங்கே வாழ்க்கைப்படுகிறாளோ அந்த நாடு அவளுடையது என்ற நினைப்பு. 1986-இல் "நபர்" என்று திருத்தினார்கள்.

13 ஜூன்

வரலாறு போதும், என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஓட்டை எப்படி மாற்றுவது என்று ஒருவர். இழை எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டது, பரவாயில்லை.

படிவம் 6 போடாதீர்கள். அது புதிதாகச் சேருபவருக்கு. பெயர் ஏற்கெனவே பிறந்த வீட்டு முகவரியில் இருந்தால் படிவம் 8, அதில் "குடியிருப்பு மாற்றம்" என்ற கட்டம். 2022 ஆகஸ்டுக்கு முன் தொகுதிக்குள் மாறினால் 8ஏ, வெளியே போனால் 6 என்று இருந்தது. இப்போது எல்லாம் ஒரே படிவம் 8. பழைய பழக்கத்தில் 6 போட்டால் ஒரே பெண்ணுக்கு இரண்டு அடையாள அட்டை எண் உண்டாகும். 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 17, 18 அதைத் தடுக்கிறது. பொய் உறுதிமொழி என்று வந்தால் பிரிவு 31, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

அடிக்கடி நடக்கும் தப்பு: பிறந்த வீட்டில் யாராவது முந்திக்கொண்டு படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்கிவிடுவார்கள். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. நீக்கும் வேலையை விட்டுவிடுங்கள், படிவம் 8 ஏற்கப்பட்டால் பழைய பதிவு தானாக நீங்கும்.

முகவரிச் சான்றில் ஒரு முடிச்சு. ஆவணம் விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்கலாம், அல்லது அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள பெற்றோர், கணவர்/மனைவி, வயது வந்த பிள்ளை பெயரில் இருக்கலாம். மாமனார் மாமியார் அந்த வரிசையில் இல்லை. கரண்ட் பில், பட்டா எல்லாம் மாமனார் பெயரில்தான் இருக்கும். அப்போது ஆதாரில் முகவரியை முதலில் மாற்றிக்கொள்வது சுலபம். எந்த ஆவணமும் இல்லை என்றால் மனுவைத் தள்ளக்கூடாது, நேரில் வந்து விசாரிக்க வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும் நாளில் அவள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கெடு: வேட்புமனுவுக்குக் கடைசி நாள் முடிந்தால் பட்டியல் பூட்டப்படும். ஆட்சேபணைக்கு 7 நாள் விட வேண்டியிருப்பதால், அந்தக் கடைசி நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்னாலேயே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பெரும்பாலும் வழுக்கும்.

உறவுப் பெயர் கட்டத்தில் கணவர் பெயர் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்பா பெயர், அம்மா பெயர் எதுவும் செல்லும். இனிஷியலை மாற்றினால் ஆதார், பான், வங்கி எல்லாவற்றையும் மாற்றும் தலைவலி, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

13 ஜூன், இரவு

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயர் கிடக்கும், ஆள் இருக்க மாட்டாள். கள்ள ஓட்டுக்கு முதல் இலக்கு இந்த மாதிரிப் பெயர்கள்தான். அவளே ஊருக்கு வந்து "ஏற்கெனவே விழுந்துவிட்டது" என்ற பதிலைக் கேட்டால், ஒரு சினிமாவுக்குப் பிறகு குழந்தைக்கும் தெரிந்த தேர்தல் நடத்தை விதி 49பி (49P). ஆய்வுக்குரிய வாக்கு, இயந்திரத்தில் அல்ல, காகிதச் சீட்டில், தனி உறையில். எண்ணிக்கை நாளில் அதைத் திறக்க மாட்டார்கள், வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான். சினிமாவில் காட்டிய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

15 ஜூன்

"மனைவித் தகுதி 1950-உடன் செத்துவிட்டது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முழுசாக இல்லை. 1950 சட்டம் பிரிவு 20(6): படையில் இருப்பவர் தன் சொந்த ஊரில் வாக்காளராக இருக்கலாம், அவருடன் தங்கியிருக்கும் மனைவியும் அப்படியே. "மனைவி" என்றுதான் எழுதியிருந்தது. ராணுவத்தில் இருப்பவர் பெண், கூடத் தங்கியிருப்பவர் கணவர் என்றால், அந்தக் கணவருக்கு இது கிடையாது. 2021 திருத்தச் சட்டத்தில்தான் "வாழ்க்கைத் துணை" ஆனது. படையினர் பதிவுக்கான படிவம் 2-இல் அந்தக் கட்டத்தில் இடம்பெறும் கணவர்கள், 1937-இல் பட்டியலில் ஏறிய மனைவிகள் நின்ற அதே வரிசையில்தான் நிற்கிறார்கள், பக்கம் மட்டும் மாறி.